"நல்லா இருக்கேன்" என்கிற பொய்

போன வாரம் பழைய நண்பன் ஒருவன் போன் செய்து "எப்படிடா இருக்கே?" என்றான். வழக்கம்போல "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, "இல்லடா, பொய் சொல்றேன், ரெண்டு மாசமா சரியாத் தூக்கமே இல்ல" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவன் ஆரம்பித்தான் பாருங்கள்... கடன், அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது, எல்லாம் கொட்டிவிட்டான். பத்து வருஷப் பழக்கத்தில் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நட்பாக வேண்டுமென்றால் 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டுமாம். வேலையிடத்தில் ஒன்றாக இருக்கும் நேரம் அதற்கு அவ்வளவாக உதவுவதில்லை என்றும் சொல்கிறார். எங்களுக்குள் மணிக்கணக்குக்குக் குறைவே இல்லை, ஆனால் அத்தனையும் கிண்டலிலும் மீம்களிலுமே ஓடியிருக்கிறது.

உண்மையாகப் பேசுவது என்றதும் சிலர் "நான் எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்" என்று அடுத்தவரைக் குத்தக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு அலர்ஜி. நான் சொல்வது நம்மைப் பற்றிய உண்மையை. அதைச் சொல்லத்தான் நாக்கு எழமாட்டேன் என்கிறது.

இன்று காலை அவனிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ்: "தூங்குனியா?"

மூன்று மணி நேரம் தூங்கினேன். அதையே பதிலாகப் போட்டேன்.