நிறம் போன நீரில் மிஞ்சுவது

சாயக்கழிவு நீரின் நிறத்தைப் பாக்டீரியாக்களைக் கொண்டு நீக்குவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நீர் தெளிந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

துணிச் சாயங்களில் பெரும்பகுதி அசோ வகையைச் சேர்ந்தது. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பே அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். பேசில்லஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள், உணவாகக் கொடுக்கப்படும் சர்க்கரையிலிருந்து பெறும் எலக்ட்ரான்களை அசோரிடக்டேஸ் என்னும் நொதியின் வழியாக அந்தப் பிணைப்புக்குத் தந்து அதை உடைக்கின்றன. ஆனால் ஆக்சிஜன் இருந்தால் எலக்ட்ரான்கள் முதலில் அதற்கே போய்விடும். அதனால்தான், அசைக்காமல் வைத்த குடுவை அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வரும்போதும், காற்று படும் மேற்பரப்பில் மெல்லிய நிறப்படலம் தங்கிநிற்பதைக் காணலாம். அதே குடுவையைக் குலுக்கியில் வைத்தால் பாக்டீரியா நன்றாக வளர்ந்தும் நிறம் பெரிதாகக் குறைவதில்லை.

தெளிந்த நீரை உடனே நம்பிவிடக் கூடாது. மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படியும் செல்களைப் பார்க்க வேண்டும். அவை சாயத்தின் நிறத்திலேயே இருந்தால், சாயம் சிதையாமல் செல்களில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று பொருள்.

உண்மையிலேயே சிதைந்திருந்தாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பிணைப்பு உடைந்த இடத்தில் அரோமாட்டிக் அமீன்கள், அதாவது பென்சீன் போன்ற வளையத்தோடு நைட்ரஜன் தொகுதி சேர்ந்த சேர்மங்கள், உருவாகின்றன. இவற்றில் பலவற்றுக்கு நிறமே இல்லை. காங்கோ ரெட் என்னும் அசோ சாயம் சிதையும்போது, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பென்சிடின் வெளிப்படுகிறது. கண்ணுக்குத் தெரிந்த சாயத்தைக் கண்ணுக்குத் தெரியாத நஞ்சாக மாற்றி ஆற்றில் விடுவதைச் சுத்திகரிப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆக்சிஜனற்ற தொட்டியை அடுத்துக் காற்றூட்டும் தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அமீன்களில் பலவற்றை அங்குள்ள பாக்டீரியாக்கள் கார்பன் டை ஆக்சைடு வரை சிதைக்கும், சல்போனேற்றம் பெற்ற, அதாவது கந்தகம் அடங்கிய சல்போனேட் தொகுதி சேர்ந்த, சில மட்டும் எளிதில் மசியாது. ரியாக்டிவ் பிளாக் 5 போன்ற சாயங்களின் விளைபொருள்களோ காற்றுப் பட்டதும் தாமே ஆக்சிஜனேற்றமடைந்து மறுபடியும் நிறம் கொள்கின்றன.

சாயப்பட்டறை நீரில் உப்பும் காரமும் மிகுதி என்பதால், ஆய்வகத்தில் நன்றாக வேலைசெய்த பாக்டீரியா அங்கே முடங்கிவிடலாம். உப்பைத் தாங்கும் இனங்களைக் கழிவு ஊறிய மண்ணிலிருந்தே பிரித்தெடுப்பது நல்லது. ஆனால் கரைந்த உப்பை அவை நீக்காது. அதற்கு, அழுத்தம் கொடுத்துச் சவ்வின் வழியே நீரை மட்டும் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) போன்ற வேறு முறை வேண்டும்.

எனவே நிறநீக்கச் சதவீதத்தை மட்டும் தரும் முடிவுகள் எனக்குப் போதவில்லை. வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு குறைந்தது, அமீன்கள் எவ்வளவு மிஞ்சின, அந்த நீரில் விதை முளைத்து வேர் விடுகிறதா என்பவையும் அதே அட்டவணையில் இருக்க வேண்டும்.