வேலை தேடிக்கொண்டே அவரோடு வேலை பார்த்தது

நேரடியாகத் திட்டினால் பதில் சொல்லிவிடலாம். என் டீமில் இருந்தவர் திட்டவே மாட்டார். மீட்டிங்கில் நான் பேச ஆரம்பித்ததும் லேப்டாப்பைத் தட்ட ஆரம்பிப்பார், முடித்ததும், "சரி, விஷயத்துக்கு வருவோமா?" என்பார். ஒரு வேலையை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, மேனேஜர் கேட்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கைவிரிப்பார். மேனேஜரிடம் போனால், "ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கோங்க." வேறு இடம் பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

கிடைக்கும்வரை அவர் பக்கத்தில்தானே உட்கார வேண்டும்? அதனால் அவர் எதைச் சொன்னாலும், சீட்டுக்கு வந்ததும் ஒரு மெயில் போட்டேன்: "இப்போது பேசியபடி, பழைய எண்களையே வைத்து ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." குத்தல் கிடையாது. மேனேஜருக்கு சிசியும் கிடையாது. சிசி போட்டால் அது புகாராகிவிடும். ஒருநாள் வழக்கம்போல "சொல்லவே இல்லையே" என்றார். அந்த மெயிலை அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்தேன். அவர் ஒன்றும் திருந்திவிடவில்லை, என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அதுவே போதும்.

மெயிலில் அடங்காததை, யார் முன்னால் என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு வீட்டில் ஒரு நோட்டில் எழுதினேன். ஆபீஸ் மெயில்களைச் சொந்த முகவரிக்கு அனுப்பி வைக்கச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். பல நிறுவனங்களில் அது விதிமீறல். புகார் நம் மேலேயே திரும்பும்.

தேடலுக்கு ஆபீஸ் லேப்டாப்பையும் வைஃபையையும் தொடவில்லை. லிங்க்ட்இன்னில், வேலை தேடுவதை எல்லோருக்கும் காட்டும் பச்சை வளையம் வைக்காமல், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். அதற்கும் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. ரெஃபரன்ஸுக்குப் பழைய கம்பெனி மேனேஜரைக் கொடுத்து, இப்போதைய ஆபீஸை ஆஃபர் கைக்கு வந்த பிறகே தொடர்புகொள்ளச் சொன்னேன்.

இன்டர்வியூக்களில் கஷ்டமாக இருந்தது ஒரே கேள்விதான்: "ஏன் மாறுகிறீர்கள்?" வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது, பெயரே எடுக்காத பதிலிலும் கசப்பு கேட்டது. அதனால் விட்டுவரும் இடத்தைப் பற்றி ஒரு வரி, போகப்போகும் வேலையைப் பற்றி மீதி என்று மாற்றிக்கொண்டேன். பதிலுக்கு நானும் கேட்டேன்: "டீமில் கடைசியாகக் கருத்து வேறுபாடு வந்தபோது யார், எப்படித் தீர்த்தார்கள்?" ஓர் இடத்தில் இன்டர்வியூ எடுத்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "இங்கே அப்படியெல்லாம் வராது" என்றார் ஒருவர். அந்த ஆஃபர்தான் முதலில் வந்தது, சம்பளமும் அதிகம். இவரிடமிருந்து தப்பித்தால் போதும் என்று கை பரபரத்தது. ஆனால் இவர்மேல் உள்ள வெறுப்பில் அந்த வேலையை எடுத்தால், என் அடுத்த வேலையையும் இவரே தேர்ந்தெடுத்த மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று எழுதினேன்.

அடுத்து வந்த ஆஃபர் லெட்டரில் கையெழுத்தான பிறகே ராஜினாமாவைக் கொடுத்தேன். ஹேண்ட்ஓவரை வாங்கிக்கொள்ள மேனேஜர் யாரைப் போட்டார் என்று நினைக்கிறீர்கள்? அவரைத்தான். ஒவ்வொரு வேலையையும் எழுதி அனுப்பி, "பெற்றுக்கொண்டேன்" என்று அவரிடம் பதில் வாங்கினேன். எங்கே போகிறேன் என்று விசாரித்தார். "சேர்ந்துட்டுச் சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.