ஒரு சூட்டுக்கு ஓர் ஆணி

க்ரோபாவில் காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் முதலில் கேட்டது தண்ணீர்ச் சத்தம்தான். தெருவை ஒட்டியே ஓர் ஓடை இறங்கி வருகிறது. பெயர் க்ரோபாரிட்சா. அகலம் நம் ஊர் வாய்க்கால் அளவுதான், ஆனால் மலைச்சரிவில் விழுந்தடித்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் மலை நெருக்கி நிற்க, நடுவில் கிடைத்த இடத்தில் பழைய வீடுகள். ஸ்லோவேனியாவின் வடமேற்கு மூலையில், தலைநகர் லூப்ளியானாவில் இருந்து முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ப்ளெட் ஏரியும் பக்கம்தான். ஏரியை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு நானும் மனைவியும் பத்து வயது மகளும் முதலில் இங்கே வந்தோம். ஆணி பார்க்க.

ஆணி பார்க்க ஒரு பயணமா என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் தாத்தா தச்சர். பழைய கதவு, பலகை எதைப் பிரித்தாலும் ஓர் ஆணியைக்கூட எறியமாட்டார். வளைந்ததையெல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு என்னிடம் தருவார். படிக்கட்டில் உட்கார்ந்து, கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்துவது என் கோடை விடுமுறை வேலை. அந்த டப்பாவில் எப்போதாவது ஒன்றிரண்டு வித்தியாசமான ஆணிகள் வரும். உருண்டையாக இல்லாமல் சதுரமாக, தலை கோணல் மாணலாக. "இது பட்டறை ஆணிடா, தனியா எடுத்து வை" என்பார். அதை யாரோ ஒருவர் கையால் அடித்திருக்கிறார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. மியூனிக்கில் வேலைக்கு வந்த பிறகு, ஒரு கிராமமே பல நூற்றாண்டுகளாக ஆணி அடித்துப் பிழைத்த கதையைப் படித்தபோது அந்த டப்பாதான் ஞாபகம் வந்தது. எப்படியும் போய்விடுவது என்று அன்றே முடிவு செய்தேன்.

ஏன் இந்த ஊரில் என்றால், காரணம் எல்லாம் கண் முன்னாலேயே இருக்கிறது. மேலே யெலோவிட்சா என்ற மேட்டுநிலக் காடு. இரும்புத்தாதும் அங்கேதான், கரிக்கு மரமும் அங்கேதான். கீழே சம்மட்டியையும் துருத்தியையும் ஓட்ட இந்த ஓடை. ஊருக்கு மேலே யாம்னிக் போகும் வழியில் இடைக்காலத்து இரும்பு உலை ஒன்றின் மிச்சத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அப்போதிலிருந்தே இங்கே தாதுவிலிருந்து இரும்பு எடுத்திருக்கிறார்கள். எடுத்த இரும்பைக் கம்பியாக்கினார்கள், கம்பியை ஆணியாக்கினார்கள், ஆணி வெனிஸ் வரை போனது. அங்கே கப்பல் கட்ட எத்தனை ஆணி வேண்டியிருந்திருக்கும்!

இரும்பாலை முதலாளி ஒருவரின் பழைய வீட்டில் 1952இல் தொடங்கிய கொல்லர் அருங்காட்சியகம் இருக்கிறது. மேல்மாடிக்கு ஏறும்போதே கம்பி வேலைப்பாடுகள். யோஜா பெர்டோன்ட்செல் என்ற கலைஞர் அடித்த கிராதிகளும் விளக்குகளும் அப்படியே நிற்க வைத்துவிடும். ஆனால் நான் வெகுநேரம் நின்றது ஆணிகளின் முன்னால்தான். நூற்றுக்கும் மேற்பட்ட வகை. கப்பல் பலகைக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, லாடத்துக்கு ஒன்று, மலையேறும் பூட்ஸின் அடியில் அடிக்க ஒன்று. சில என் முழங்கை நீளம், சில அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றுக்கும் தலை வேறு, முனை வேறு. கூரைத் தகட்டுக்கு அகலமான தலை, பலகைக்குள் மறைந்துவிட வேண்டிய ஆணிக்குத் தலையே இல்லாத மாதிரி. எடை போட்டு வாங்கிப் பழகிய எனக்கு, இதில் இத்தனை யோசனை இருந்திருக்கிறது என்பதே புதிது.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

ஆணிப் பட்டறையை இங்கே 'விகென்ட்ஸ்' என்கிறார்கள். ஊரில் ஒரு காலத்தில் நிறைய இருந்தவற்றில் பழைய நிலையிலேயே நிற்பது 'வீட்சே' என்ற ஒன்று. முன்பே கேட்டுவைத்ததால் அன்று எங்களுக்காகவும் இன்னொரு குடும்பத்துக்காகவும் உலை மூட்டினார்கள். வெளியே இருந்து பார்த்தால் சின்னக் கல் கட்டடம், ஓடையை ஒட்டி. உள்ளே இருட்டு. புகை படிந்து சுவரெல்லாம் கறுப்பு. நடுவே உயர்த்திக் கட்டிய உலை, அதைச் சுற்றிலும் ஆளுக்கொரு இடம். கல்லில் பதித்த சின்னப் பட்டடை, பக்கத்தில் வெட்டிரும்பு, துளை போட்ட ஓர் இரும்புக் கட்டை. அவ்வளவுதான் ஒருவருடைய தொழிற்சாலை. ஒரே நெருப்பைப் பலர் பங்கு போட்டு வேலை செய்திருக்கிறார்கள். துருத்தியை ஊதியது வெளியே ஓடும் தண்ணீர்.

நாங்கள் பார்த்த கொல்லருக்கு அறுபது வயது இருக்கும். பென்சில் கனத்தில் நான்கைந்து சதுரக் கம்பிகளைக் கரிக்குள் செருகிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு எங்களோடு, கண் நெருப்போடு. திடீரென்று ஒரு கம்பியை உருவினார். நுனி மஞ்சள் நிறத்தில் இருந்தது. பட்டடையில் வைத்து டக் டக் என்று அடி, கால் சுற்று திருப்பு, மறுபடி டக் டக். எட்டுப் பத்து அடியில் நான்கு பக்கமும் சரிந்து கூர்முனை வந்துவிட்டது. கம்பியை வெட்டிரும்பின் மேல் வைத்து ஒரே தட்டு. முழுக்க வெட்டவில்லை, ஒரு நூல் இருப்பு விட்டுவிட்டார். முனையைத் துளைக்குள் செருகிக் கம்பியை ஒடித்தார். துளைக்கு மேலே கொஞ்சம் இரும்பு துருத்திக்கொண்டு நின்றது. அதன்மேல் நேராக ஒன்று, நான்கு பக்கமும் சாய்வாக நான்கு. தலை விரிந்தது. அடியில் ஒரு தட்டுத் தட்டியதும் ஆணி துள்ளி வந்து தரையில் விழுந்தது. விழும்போதுகூட அது சிவப்பாகவே இருந்தது.

"பூ மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். அந்த ஐந்து அடியும் ஐந்து இதழாகத் தலையில் பதிந்திருந்தன.

மொத்தமும் அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதில்தான் தொழிலே இருக்கிறது என்றார் அவர். கம்பியை உருவிய நொடியிலிருந்து அது ஆறிக்கொண்டே வருகிறது. மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகி, சிவப்பும் மங்குவதற்குள் முனை, வெட்டு, தலை மூன்றும் முடிய வேண்டும். ஒரு சூட்டுக்கு ஓர் ஆணி. இரண்டாம் முறை நெருப்பில் வைத்தால் கரி போச்சு, நேரம் போச்சு, அன்றைய கூலி போச்சு. அதனால்தான் நான்கைந்து கம்பிகள் ஒன்றாக உள்ளே கிடக்கின்றன. ஒன்றை அடிக்கிற நேரத்தில் அடுத்தது காய்ந்து தயாராக இருக்கும், நிற்கவே வேண்டாம். ரொம்பக் காய்ந்துவிட்டாலும் ஆபத்து. வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம்.

அப்புறம் சுத்தியலை என்னிடம் கொடுத்தார். கண்ணால் பார்த்தபோது அடிதான் வேலை என்று நினைத்திருந்தேன். கையில் எடுத்தால் திருப்புவதுதான் வேலை. கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சதுரம் சாய்சதுரமாகிவிடுகிறது. அதை நேர்செய்ய இன்னும் இரண்டு அடி, அதற்குள் நிறம் போய்விடுகிறது. ஆறிய இரும்பு சுத்தியலைத் திருப்பி உதைப்பது தோள் வரை தெரிந்தது. எனக்கு மூன்று சூடு பிடித்தது. தலை ஒரு பக்கமாகச் சரிந்து, தாத்தாவின் டப்பாவில் கிடந்த ஆணிகளைப் போலவே இருந்தது. அவர் அதைத் தண்ணீரில் முக்கி, துடைத்து, மகளின் கையில் வைத்தார். லேசாகச் சூடு இருந்தது.

ஒரு பலகையில் கடை ஆணி ஒன்றையும் தன் ஆணி ஒன்றையும் அடித்து, குறடால் பிடுங்கச் சொன்னார். கடை ஆணி வந்துவிட்டது. அடித்த ஆணிக்கு நான் காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. முனையிலிருந்து தலைவரை நான்கு பக்கமும் சரிந்து போவதால், உள்ளே போகப்போக மரத்தை இறுக்கிக்கொள்கிறதாம். பசுமரத்தாணி என்று நாம் சொல்கிறோமே, அந்த ஆணி இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது.

இந்த இடத்தில் நின்றவர்கள் ஆண்கள் மட்டும் இல்லை. பெண்கள், குழந்தைகள், குடும்பமே நின்று அடித்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இயந்திர ஆணி வந்து விலையை உடைத்தபோது நிலைமை இன்னும் மோசம். அந்த நூற்றாண்டின் கடைசியில் கூட்டுறவுச் சங்கம் வைத்துத்தான் ஊர் மூச்சுவிட்டிருக்கிறது. மகள் ஒரு பட்டடையின் முன்னால் போய் நின்று பார்த்தாள். அதன் உயரம் அவளுக்குச் சரியாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வா என்று கூப்பிட்டுக்கொண்டேன்.

நாங்கள் போனது மார்ச் 11. வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாள். மறுநாள் புனித கிரிகோரியின் நாள். 1582இல் நாட்காட்டியைத் திருத்துவதற்கு முன்னால் வசந்தத்தின் முதல் நாளாக அதைத்தான் கொண்டாடினார்கள். குளிர்காலம் முழுக்க விடியும் முன்னரும் இருட்டிய பிறகும் விளக்கு வெளிச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இனிமேல் பகல் வெளிச்சமே போதும் என்று ஆகும் நாள். அதனால் அதற்கு முந்தின மாலை விளக்கைத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். வழக்கத்தின் பெயரே 'விளக்கு தண்ணீருக்குள்' என்பதுதான். இன்று ஆணி அடித்துப் பிழைப்பவர்கள் இல்லை, வழக்கம் இருக்கிறது. அட்டையிலும் மரத்திலும் சின்னச் சின்ன வீடு, தேவாலயம், பட்டறை என்று குழந்தைகளே செய்து, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்.

ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. நல்ல குளிர். ஊரே தண்ணீர் ஓரம் கூடியிருந்தது. ஒவ்வொரு வீடாகத் தண்ணீரில் இறங்கியது. வண்ணக் காகிதம் ஒட்டிய ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் சிவப்பும் மஞ்சளுமாகத் தண்ணீரில் அசைந்தது. ஒன்று கரையோரம் தட்டி நின்றுவிட, ஒரு பாட்டி நீளக் குச்சியால் மெதுவாகத் தள்ளிவிட்டார். இன்னொன்று தீப்பிடித்து எரிந்தது. அதைச் செய்த பையன் அழவில்லை, கைதட்டினான்.

மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள், கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஆணியைப் பிடித்தபடி.

"இன்னும் சூடு இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா, எப்பவோ ஆறிடுச்சு" என்றாள், விளக்குகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.