'மூடிய கூட்டம்' என்பது எனக்கான கூட்டம்தான்

குடியை விட்டே ஆகவேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாகக் கூடிப் பேசும் ஒரு கூட்டத்தில் போய் உட்கார எனக்கு 19 நாள் ஆனது. கூட்டங்கள் இருந்தன. தேடத்தான் எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காமல் போகலாம். கை நடுக்கம், வியர்வையோடு நின்றுவிட்டால் சரி. சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரிந்து மனம் குழம்பும். உயிருக்கே ஆபத்தாகிவிடும். நான் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்ன மாத்திரைகளோடு அந்த வாரத்தைக் கடந்தேன். கூட்டத்துக்குப் போகக் குடியை முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் தனியாக நிறுத்திப் பார்க்காதீர்கள்.

அப்புறம் தேடல். எனக்குத் தெரிந்த ஒரே பெயர் ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவில், ஆக்ரன் நகரத்தில், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்கள் குடியைப் பற்றி ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கிய அமைப்பு. ஒரு பட்டியலைப் பார்த்து, பக்கத்தில் இருந்த கூட்டத்துக்குக் கிளம்பினேன். போனால் கதவு பூட்டியிருந்தது. நேரம் மாறி மாதக்கணக்காகிவிட்டதாம். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். அன்று இரவு குடிக்காமல் இருந்தது பெரும்பாடு.

இரண்டாவது முயற்சியில் நானே திரும்பிவிட்டேன். பட்டியலில் 'மூடிய கூட்டம்' என்று போட்டிருந்தது. பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் போலிருக்கிறது, புதியவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மை நேர் எதிர். குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டுமான கூட்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தார், நண்பர், படிக்க வந்த மாணவர் என யாரும் வந்து கேட்கலாம். இந்த ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் எனக்கு ஒன்பது நாள் போயிற்று.

கடைசியில் உதவி எண்ணுக்கு அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். மூன்றாம் முறை ஒரு பெண்மணி எடுத்தார். எவ்வளவு குடிப்பீர்கள், எப்போதிலிருந்து என்றெல்லாம் கேட்கவில்லை.

"இன்னைக்குக் குடிச்சீங்களாம்மா?"

"இல்லைங்க."

"சாப்பிட்டீங்களா?"

அழுதுவிட்டேன். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கும்தான் நம்மைத் திரும்பக் குடிக்கு இழுத்துப்போகும் என்று கூட்டங்களில் சொல்வார்கள். அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மறுநாள் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிடுங்கள், வாசலில் ஒருவர் நிற்பார் என்றார். நின்றிருந்தார்.

உள்ளே வட்டமாக நாற்காலிகள். முழுப் பெயர் கேட்கவில்லை, கட்டணம் இல்லை. பை ஒன்று சுற்றி வந்தது. விருப்பப்பட்டவர்கள் போட்டார்கள், முதல் முறை வருகிறவர் போடவேண்டாம் என்று என்னைத் தாண்டிக் கொடுத்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது. என் கை நடுங்கியபோதும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அப்போதுதான், அந்த அளவாக ஊற்றியவருக்கும் ஒரு காலத்தில் இப்படிக் கை நடுங்கியிருக்கும் என்று தோன்றியது. பேச என் முறை வந்தது. "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்றேன். சரி என்று அடுத்தவரிடம் போய்விட்டார்கள்.

ஆனாலும் அந்தக் குழு எனக்கு ஒட்டவில்லை. அங்கே நான் ஒருத்திதான் பெண். சில விஷயங்களை அங்கே வாய் திறந்து சொல்ல முடியாது என்று தெரிந்தது. தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது, அங்கிருந்த பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு கூட்டத்தைப் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்கம்மா, நாலஞ்சு பாருங்க" என்று சொல்லி, பெண்களுக்கான இணையவழிக் கூட்டம் ஒன்றின் விவரத்தைத் தந்தார். அதில்தான் முதல் முறையாகப் பேசினேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் பேச்சு பிடிக்காமல் விலகிய தோழி ஒருத்தி, 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி கூட்டங்களுக்குப் போகிறாள். அங்கே எண்ணங்களையும் தூண்டுதல்களையும் கையாளும் பயிற்சிகள்தான் முக்கியம். என் அக்கா, குடிப்பவரின் குடும்பத்தாருக்காக இருக்கும் அல்-அனானுக்குப் போகிறாள். முதலில் அவள்தான் மாறினாள். என்னைக் கண்காணிப்பதை விட்டாள், பாட்டில் தேடுவதை விட்டாள். அந்த வீட்டில் எனக்கு மூச்சுவிட முடிந்தது.

நான்காம் மாதம் ஒரு முறை குடித்துவிட்டேன். வெட்கத்தில் இரண்டு வாரம் போகவில்லை. அந்த இரண்டு வாரமும் என் ஸ்பான்ஸர், அதாவது படிகளில் எனக்குத் துணையாக இருப்பவர், தினமும் ஒரு வரி அனுப்பிக்கொண்டிருந்தார்: "நாற்காலி இருக்கு." திரும்பிப் போனேன். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

இன்றைக்கு 212ஆம் நாள். மாலை ஏழு மணிக்குக் கூட்டம், புதிதாக ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பத்து நிமிடம் முன்பே போய் வாசலில் நிற்கவேண்டும்.