ஒன்ராறியோ ஏரிகளில் பாஸ் மீன்: நூலில் தொடங்குங்கள்

வன்னிக் குளங்களில் விரால் பிடித்துப் பழகியவர்கள் ஒன்ராறியோவில் பெருவாய் பாஸ் மீனை விரைவில் புரிந்துகொள்வார்கள். விராலைப் போலவே அதுவும் தாமரை இலைக்குக் கீழும் பாசிக்கு ஓரத்திலும் அசையாமல் கிடந்து, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். தவளை உருவ இரை இரண்டுக்கும் பிடிக்கும். விரால் இங்கே வேண்டாத அந்நிய இனம்; உயிருடன் வைத்திருப்பதே குற்றம். அந்தக் கைப்பழக்கத்தைப் பாஸ் மீனிடம் காட்டலாம்.

பழைய பழக்கம் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. இங்கே பாஸ் இரண்டு வகை. பெருவாய் பாஸ் பாசி மண்டிய, ஆழம் குறைந்த நீரில் இருக்கும். சிறுவாய் பாஸ் கல்லும் பாறையுமான, தெளிந்த, குளிர்ந்த நீரில் இருக்கும். ஸ்காபரோவிலிருந்து வடகிழக்கே போனால் வரும் ஸ்கூகொக், ரைஸ், பிஜன் ஏரிகளில் பெரும்பகுதி முதல் வகைக்கான நீர். சிம்கோ ஏரியின் பாறைத் திட்டுகளும் ஒன்ராறியோ ஏரியின் திறந்த கரைகளும் இரண்டாம் வகைக்கானவை. ஒன்றுக்குக் கட்டிய தூண்டில் மற்றதற்குச் சரிவராது.

கடையில் சுவர் முழுக்கத் தொங்கும் பளபளப்பான செயற்கை இரைகளைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். ரீலோடு வந்த நூலையே வைத்துக்கொள்கிறார்கள், கொக்கியைப் பற்றி யோசிப்பதே இல்லை. முதலில் எந்த நீர் என்று முடிவு செய்யுங்கள். பிறகு அந்த நீருக்கான நூல், நூலுக்கும் இரைக்கும் பொருந்தும் கொக்கி, கடைசியாக இரையின் நிறம். நூறு துண்டு அடங்கிய மலிவுப் பெட்டியை வாங்குவதைவிட, அதே காசுக்கு நல்ல நூல் ஒரு சுருளும் இரண்டு வகை இறப்பர் மென்புழுவும் வாங்குவது எவ்வளவோ மேல்.

எதையும் வாங்குமுன் அனுமதிப்பத்திரம். 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் காட் என்ற அட்டையும் அதனுடன் மீன்பிடி அனுமதியும் வேண்டும். ஒன்ராறியோ வாசி என்ற கட்டணத்தில் எடுக்க, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் தொடர்ந்து 6 மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதைக் கவனிக்காமல் தவறான வகையை எடுத்துவிடுகிறார்கள். அனுமதியில் இரண்டு வகை: ஸ்போர்ட், கொன்சர்வேஷன். தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான நீர்களில் முன்னதற்கு இரு வகைப் பாஸும் சேர்த்து 6 மீன் வரை வைத்துக்கொள்ளலாம், பின்னதற்கு 2. பாஸ் காலம் இந்தப் பகுதியில் பொதுவாக யூன் மாதத்தின் மூன்றாம் அல்லது நான்காம் சனிக்கிழமை திறக்கும். வலயத்துக்கு வலயம் நாள் மாறுவதால், மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் விதித் தொகுப்பில் உங்கள் ஏரி எந்த வலயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலம் திறக்குமுன், பிடித்து விட்டுவிடுவதற்காகக்கூட பாஸைக் குறிவைக்கக் கூடாது. அந்த நாட்களில் ஆண் மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கிறது. அதைச் சில நிமிடம் தூக்கி எடுத்தாலே சூரியமீன்களும் கோபி என்ற சிறு மீன்களும் கூட்டைக் காலி செய்துவிடும்.

தூண்டில் தடி சொந்தமாக இல்லாவிட்டாலும் தொடங்கலாம். டாக்கிள்ஷெயர் திட்டத்தில் சேர்ந்திருக்கும் நூலகங்களிலும் பூங்காக்களிலும் தடியும் ரீலும் இலவசமாக இரவல் தருகிறார்கள். வாங்குவதானால் ஏழடி நீளமான நடுத்தரத் தடியும் 2500 அளவு ஸ்பின்னிங் ரீலும் முதல் ஆண்டுக்குப் போதும்.

இனி நூல். ஊரில் தங்கூசி என்று சொன்னது ஒற்றை இழை நைலோன். மலிவு, முடிச்சு நன்றாக இறுகும், தண்ணீரில் மெதுவாகவே தாழும். ஆனால் இழுத்தால் நன்றாக நீளும். 25 யார் தூரத்தில் மீன் கடித்து நீங்கள் தடியைச் சுண்டினால், அந்தச் சுண்டலில் பாதியை நூலே விழுங்கிவிடும். தடித்த கொக்கி மீனின் வாயில் ஏறாது. அதே நீட்சி, மேற்பரப்பில் ஓடும் மூன்று முனைக் கொக்கி இரைகளுக்கு நன்மை. மீன் தலையை உதறும்போது கொக்கி பிய்ந்து வராமல் அது தாங்கிக்கொள்ளும். அவற்றுக்கு 10 அல்லது 12 இறாத்தல் இழுவை தாங்கும் தங்கூசி போதும்.

ஃபுளோரோகாபன் நூல் பார்வைக்குத் தங்கூசி போலவே இருக்கும். இது நீரில் தாழும், கண்ணுக்கு அதிகம் தெரியாது, கல்லில் உரசினாலும் சட்டென்று அறாது. சிறுவாய் பாஸுக்குத் தெளிந்த நீரில் இதுதான் வேண்டும். இதன் பலவீனம் முடிச்சு. உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நூல் வெந்து அந்த இடத்திலேயே அறும். எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். முடிச்சுக்கு மேலே நூல் பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.

மூன்றாவது பிறெய்ட் என்கிற பின்னல் நூல். நீளவே நீளாது. 30 இறாத்தல் பின்னல் நூல் ஏறத்தாழ 8 இறாத்தல் தங்கூசியின் பருமன்தான் இருக்கும். பாசித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். ஆனால் பாறை விளிம்பில் உரசினால் தங்கூசியைவிட விரைவாக இழை பிரியும், தெளிந்த நீரில் கோடு போட்டது போலத் தெரியும். ரீலில் நூல் சுற்றும் உருளையான ஸ்பூலில், அது வெறுமையாக இருக்கும்போது நேரே சுற்றினால் பிடிப்பில்லாமல் முழுச் சுற்றும் வழுக்கிச் சுழலும். ரீல் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அடியில் பத்துப் பதினைந்து யார் தங்கூசி சுற்றிவிட்டு அதன் மேல் கட்டினால் தீர்ந்தது.

ஒரே தடியில் இரண்டு நீரையும் சமாளிக்க வேண்டியவர் ரீலில் 10 அல்லது 15 இறாத்தல் பின்னல் நூலைச் சுற்றி, நுனியில் ஆறு முதல் எட்டடி 8 இறாத்தல் ஃபுளோரோகாபனை லீடராகக் கட்டுவது நல்லது. இரண்டையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு. பின்னல் நூல் பக்கம் எட்டுச் சுற்று, மற்றப் பக்கம் ஐந்து. பின்னல் பக்கத்தில் சுற்றைக் குறைத்தால் அது வழுக்கி வெளியே வந்துவிடும். ஸ்பூல் விளிம்புக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் கீழே வரை நிரப்புங்கள். குறைவானால் எறி தூரம் போகாது, கூடினால் கொத்தாகக் கழன்று சிக்கும். எறிந்ததும் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் நூலைப் பிடித்துச் சுற்றும் பெயில் கம்பியைக் கையால் மூடப் பழகினால் நூல் முறுக்கேறுவது பாதியாகக் குறையும்.

கொக்கிக்கு பலோமர் முடிச்சு ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ஆறு அங்குலம் நூலை இரட்டையாக மடித்து கொக்கிக் காதுக்குள் விடுங்கள். அந்த இரட்டை நூலால் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, நுனி வளையத்துக்குள் கொக்கி முழுவதையும் நுழையுங்கள். ஈரப்படுத்தி, இரண்டு பக்கமும் ஒன்றாக இழுங்கள். நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் பலம் போய்விடும்.

கொக்கி எண்கள் புதியவர்களைக் குழப்பும். 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறையக் கொக்கி பெரிதாகும். 1 தாண்டியதும் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும். பாஸுக்கு அதிகம் வேண்டுவது 1/0 முதல் 4/0 வரை. நீளத்தைவிட முக்கியம் கொக்கியின் வாய் அகலம். மீன் கடிக்கும்போது புழு நசுங்கி விலகி முனைக்கு இடம் விட வேண்டும். தடித்த புழுவை ஒடுங்கிய கொக்கியில் கோத்தால் அந்த இடைவெளியை இறப்பரே அடைத்துவிடும். கடி தெரியும், மீன் வராது. ஐந்து அங்குலத் தடிப்புழுவுக்கு வாய் அகன்ற 3/0 கொக்கி சரி. கூர்மையை நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

பாசி நீருக்கு முதலில் கற்க வேண்டியது ரெக்சஸ் முறை. துப்பாக்கிக் குண்டு வடிவ நிறையை, கூர்ப்பக்கம் தடியைப் பார்க்க, நூலில் விடுங்கள். திறந்த பாசிக்கு 1/8 அவுன்ஸ், அடர்ந்ததற்கு 3/8. பிறகு கொக்கியைக் கட்டுங்கள். முனையைப் புழுவின் தலைக்குள் நடுவாகக் கால் அங்குலம் செலுத்திப் பக்கத்தால் வெளியே எடுத்து, கொக்கியைக் காதுவரை இழுத்துத் திருப்புங்கள். இப்போது கொக்கியின் வளைவைப் புழுவின் பக்கத்தில் பிடித்து, முனை எந்த இடத்தில் தொடுகிறதோ அதே இடத்தில் ஊடுருவச் செய்து, நுனியை மேல் தோலுக்குள் மெல்ல மறைத்துவிடுங்கள். புழு நேராகத் தொங்க வேண்டும். அரை அங்குலம் பிசகினாலும் வளைந்து, இழுக்கும்போது பம்பரமாகச் சுழன்று நூல் முழுவதையும் முறுக்கிவிடும். இந்த முறைக்கு வரும் குறைகளில் பெரும்பாலானவை கோணலாகக் கோத்ததால் வருபவை. அவசரப்படாமல் மறுபடி கோப்பதுதான் வழி.

இதைவிட எளிது வாக்கி முறை. சென்கோ வகைத் தடிப்புழுவின் நடுவில் ஒரு இறப்பர் வளையம் போட்டு, அதில் 1 அல்லது 1/0 கொக்கியை மாட்டுவது அவ்வளவுதான். நிறை வேண்டாம். படகுத்துறை ஓரமாகவோ பாசி விளிம்பிலோ போட்டுவிட்டு நூலைத் தளர விடுங்கள். இரண்டு நுனியும் துடித்தபடி புழு தாழும். நூல் இறுக்கமாக இருந்தால் அந்தத் துடிப்பு இல்லை. கடி பெரும்பாலும் கையில் தெரியாது. நூல் பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கு முதல் பாஸ் பிடித்துக்கொடுக்க இதற்கு மேலான வழி இல்லை.

இலைகள் மூடிய நீருக்கு உள்ளீடற்ற இறப்பர்த் தவளை. இதற்கு மட்டும் 50 முதல் 65 இறாத்தல் பின்னல் நூலும் தடித்த தடியும் வேண்டும், லீடர் வேண்டாம். மெல்லிய நூலில் எறிந்தால் மீன் பாசிக்குள் புதைந்து, அறுந்த நூலுடன் கொக்கியைச் சுமந்துகொண்டு போகும். நீர் வெடித்தவுடன் சுண்டாதீர்கள். மீனின் பாரம் கையில் தெரியும்வரை பொறுத்து, பிறகு முழுப்பலத்தோடு இழுங்கள். விரால் பிடித்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. சில எறிதலுக்கு ஒருமுறை தவளையை நசுக்கி உள்ளே புகுந்த நீரை வெளியேற்றுங்கள்.

சிறுவாய் பாஸின் உணவு இப்போது பெரிதும் வட்டக் கோபி. 1990இல் கண்டறியப்பட்டு பேரேரிகளெங்கும் பரவிய அந்நிய மீன் அது. காற்றுப்பை இல்லாததால் அடியை விட்டு எழாது. எனவே உங்கள் இரையும் அடியில் இருக்க வேண்டும். மூன்றரை அங்குலக் குழல் உருவ இறப்பருக்குள் 1/4 அல்லது 3/8 அவுன்ஸ் நிறைக் கொக்கி வைத்து, கல்லின் மேல் மெதுவாக இழுத்து நிறுத்தி இழுங்கள். காற்றில் நூல் வில்லாக வளைந்து அடி தெரியாவிட்டால் நிறையைக் கூட்டுங்கள். கல்லுக்குள் மாட்டிக்கொண்டே இருந்தால் டிரொப்ஷொட் முறைக்கு மாறலாம்: பலோமர் முடிச்சின் வால் நூலை நீளமாக விட்டு அதன் நுனியில் நிறையும், அதற்கு 10 முதல் 18 அங்குலம் மேலே 1 அல்லது 2 அளவுக் கொக்கியும். இதற்குப் பலமாகச் சுண்டக் கூடாது. ரீலைச் சுற்றியபடி தடியைச் சாய்த்தாலே மெல்லிய கொக்கி ஏறிவிடும்.

இரு நீருக்கும் பொதுவாக சுழலும் தகடு கொண்ட இரையான ஸ்பின்னர்பெயிட், 3/8 அவுன்ஸில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். தெளிந்த நீருக்கு வேப்பிலை போல ஒடுங்கிய தகடு, கலங்கலுக்கு அதிர்வு கூடிய வட்டத் தகடு. நிறத்துக்கு இதற்கு மேல் மூளையைக் குழப்ப வேண்டாம்: தெளிவில் பச்சையும் மண்ணிறமும், கலங்கலில் கறுப்பும் நீலமும்.

ரீலில் உள்ள டிராக் என்னும் இழுவைப் பிடியை நூலின் பலத்தில் கால் முதல் மூன்றிலொரு பங்கு வரை வையுங்கள். 8 இறாத்தல் லீடரென்றால் சிறு தராசில் கொழுவி இழுத்து, 2 இறாத்தலில் நூல் வெளியேறத் தொடங்கும்படி சரிசெய்யலாம். கரைக்குக் கிட்டவந்து அறுந்துபோகும் மீன்களில் பல, பிடி இறுக்கமாக இருந்ததால் போனவை.

சில விதிகள் ஊர்ப் பழக்கத்துக்கு நேர்மாறானவை. கரையிலிருந்து ஒருவர் ஒரு நூல்தான் போடலாம். இரண்டு தடியை ஊன்றி வைக்க முடியாது. ஒரு நூலில் அதிகபட்சம் நான்கு கொக்கி. மூன்று முனைக் கொக்கி ஒன்றாகவே கணக்கு. மிஞ்சிய மண்புழுவையும் அதன் மண்ணையும்கூட நீரிலிருந்து 30 மீற்றருக்குள் கொட்டக் கூடாது. பிடித்த மீனை விற்கக் கூடாது, உயிருடன் வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. குழம்புக்கு எடுப்பதானால், பெரிய மீனில் பாதரசம் கூடுதல் என்பதால் சிறியதை வைத்துக்கொண்டு பெரியதை விடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் மாதம் எத்தனை வேளை என்பதை ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி ஏரிவாரியாகச் சொல்கிறது.

விடும் மீனை ஈரக் கையால் கீழ்த்தாடையில் பிடித்து, மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் கிடையாகத் தூக்கினால் தாடை மூட்டு பிசகும். கொக்கி தொண்டைக்குள் போயிருந்து எளிதில் எடுக்க வராவிட்டால் நூலைக் கொக்கிக்கு அருகே வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டு நூலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் விட்டால் அது நாரைகளின் காலில் சுற்றும்.