அக்கினி மூலையில் ஒரு செயற்கைக்கோள்

என் மாமனார் பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டி கட்டியே பழகியவர் என்பதால், எந்தப் பொருளை வாங்கினாலும் நாளைக்கு அதில் எழுபது பேர் ஏறி டெல்லி வரை போகப்போகிறார்கள் என்ற கவலையோடுதான் வாங்குவார். எங்கள் வீட்டு மிக்ஸிக்கு ஒரு நோட்டு உண்டு. இஸ்திரிப் பெட்டிக்கும் உண்டு, ஆனால் இஸ்திரிப் பெட்டிதான் இன்னும் வரவில்லை.

அதனால் 2006-இல் ஒருநாள் அவர், "இந்த ரேடியோவை மாத்திடலாம்னு பார்க்கறேன்" என்று சொன்னதும், என் வீட்டுக்காரர் பேச்சை வளர்க்காமல் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அகப்பட்டது நான்தான்.

அவர் தரப்பில் நியாயம் இருந்தது. மனிதருக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். சென்னை 'ஏ' 720 கிலோஹெர்ட்ஸில் காலைக் கச்சேரி வைக்கிற நேரம் பார்த்துத்தான் வில்லிவாக்கம் முழுக்கச் சட்னி அரைப்பார்கள். கீழ் வீட்டு மிக்ஸி ஓடினால் மேல் வீட்டு மத்திய அலையில் கர்ர்ர் என்று கேட்கும். அது நின்றால் யாராவது தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள். எஃப்.எம்-இல் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நாகஸ்வரமும் இல்லை. "பாட்டெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. நடுவுல பேசறதுங்க மூச்சே விடமாட்டேங்குதுங்க" என்பார் மாமா.

நோட்டு திறக்கப்பட்டது. முதல் பக்கத்தில் டி.டி. டைரக்ட் பிளஸ். ஒரு தடவை டிஷ் வாங்கி மாட்டிவிட்டால் மாதச் சந்தா கிடையாது, தூர்தர்ஷனோடு வானொலி நிலையங்களும் வரும். இலவசம் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. அந்த ரேடியோ டி.வி. வழியாகத்தான் பேசும். கச்சேரி கேட்கிற நேரமெல்லாம் டி.வி. அவர் கையில் இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் அத்தையிடமிருந்து டி.வி.யை வாங்குவது ஐ.சி.எஃப். தொழிற்சங்கத்தாலும் முடியாத காரியம். அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டார்.

இரண்டாம் பக்கம் அமெரிக்கா. என் கொழுந்தன் நியூ ஜெர்சியில் இருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டதும் பரபரப்பாகிவிட்டார். "அப்பா, இங்க எக்ஸ்.எம்.னு ஒண்ணு, சிரியஸ்னு ஒண்ணு, ரெண்டு சாட்டிலைட் ரேடியோ கம்பெனி இருக்கு. எக்ஸ்.எம்.ல மைஃபைன்னு கையடக்கமா ஒரு ரேடியோ வந்திருக்கு. சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடக்கலாம். அஞ்சு மணி நேரம் பதிவும் பண்ணி வெச்சுக்கும். வர்றவங்ககிட்ட குடுத்து விடட்டுமா?"

"மாசம் எவ்வளவுடா?"

"12 டாலர் 95 சென்ட்."

மாமா மனசுக்குள்ளேயே நாற்பத்தைந்தால் பெருக்கினார். "580 ரூபா! அதுல ராஜரத்தினம் பிள்ளை வருவாரா?"

நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை வரமாட்டார், பேஸ்பால் வரும் என்று தெரிந்தது. இது போதாதென்று, அந்த ரேடியோவை இங்கே கொண்டு வந்தால் அது வெறும் பெட்டியாகத்தான் இருக்கும் என்பதை எனக்கு விளக்க மாமா ஒரு சாத்துக்குடியை எடுத்தார். அதன் இடுப்பைச் சுற்றிப் பேனாவால் பூமத்திய ரேகை போட்டார். எக்ஸ்.எம். செயற்கைக்கோள்கள் அந்தக் கோட்டுக்கு மேலே அமெரிக்கா பக்கமாக நின்றன. வில்லிவாக்கம் பழத்துக்கு மறுபக்கம். "நடுவுல பூமி மறைக்குதும்மா" என்றார். முதலில் ஏற்றிய இரண்டுக்கும் ராக், ரோல் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நம் ஊராக இருந்தால் சுருதி, லயம் என்று வைத்திருப்போம் என்றேன். மாமாவுக்கு அது மிகவும் பிடித்துப்போய், அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் தான் சொன்னதாகச் சொன்னார். சாத்துக்குடியை யாரும் சாப்பிடவில்லை.

மூன்றாம் பக்கம்தான் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோ. ஏ.ஆர். ரகுமான் அதற்கென்றே ஒரு இசைத் துணுக்கு போட்டுக் கொடுத்து விளம்பரங்களில் வந்துகொண்டிருந்த சமயம். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர், ஆப்பிரிக்காவில் ரேடியோ எட்டாத ஊர்களுக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று 1990-இல் தொடங்கிய கம்பெனி அது. 1998-இல் ஆப்பிரிக்காவுக்காக ஆப்ரிஸ்டார், 2000 மார்ச்சில் நமக்காக ஆசியஸ்டார் என்று இரண்டு செயற்கைக்கோள்களை ஏற்றியிருந்தார்கள். தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி' என்று இருபத்து நாலு மணி நேர சேனல்கள். ஸ்ருதி என்ற பெயரைப் பார்த்ததும் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ முன்கூட்டியே அறிந்து சொன்னவள் ஆகிவிட்டேன்.

சந்தா முடிவானதும் ரேடியோப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் படலம். அண்ணா சாலையில் ஒரு கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். மூன்று வகை வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்த பெரியது ஒன்று, மேசையில் வைக்கிற ரிமோட் வைத்தது ஒன்று, பேட்டரியிலும் ஓடும், தூக்கிக்கொண்டு போகலாம் என்று சின்னது ஒன்று. எல்லாவற்றுக்கும் கூடவே கையகலத்தில் ஒரு சதுரத் தட்டு. அதுதான் ஆன்டெனா.

கடைப் பையன், "எங்க வெச்சாலும் சூப்பரா எடுக்கும் சார்" என்றான்.

மாமா தன் ஜோல்னாப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து கண்ணாடி மேசையில் வைத்தார். அடுத்து ஒரு பாகைமானி. அப்புறம் கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. பையன் மேனேஜரைக் கூப்பிடப் போய்விட்டான்.

"ஆசியஸ்டார் 105 டிகிரி கிழக்கு. அதாவது சிங்கப்பூருக்குக் கொஞ்சம் கிழக்கே, 36,000 கிலோமீட்டர் மேல" என்று மாமா என்னிடம் ஆரம்பித்தார். கடையில் இருந்த மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். "சென்னையிலிருந்து பார்த்தா கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவுல, 57 டிகிரி உயரத்துல இருக்கும். அந்த இடம் கண்ணுக்குத் தெரிஞ்சா பாட்டு வரும். மறைச்சா வராது."

"கண்ணுக்குத் தெரியணுமா சார்?" என்று ஒரு பெரியவர் கவலையாகக் கேட்டார். அவருக்குக் கண்புரை அறுவை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம்.

அமெரிக்காவில் காருக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் இது பாடுகிறதே என்று என் கொழுந்தன் போனில் வாதாடியிருந்தார். அங்கே பெரிய நகரங்களில் தரையிலும் கோபுரம் வைத்து அதே ஒலிபரப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். நமக்கு அந்தக் கோபுரங்கள் இல்லை. நேராக வானத்திலிருந்து விழுவதுதான். இருந்தும் மாமா அந்தத் தூக்கிப் போகிற மாடலையே எடுத்தார். காலை நடையில் நாகஸ்வரம் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

நடைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோளில் ரேடியோ, கையில் சதுரத் தட்டு, மறுகையில் திசைகாட்டி. கிழக்கே போகும்போது பாட்டு வரும். மேற்கே திரும்பினால் தட்டின் முன்னே மாமாவே வந்து மறைத்துக்கொள்வார். போதாக்குறைக்கு அந்தச் சாலை முழுக்கத் தூங்குமூஞ்சி மரங்கள். ஆகவே மரம் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, தட்டை உயர்த்திப் பிடித்து, திசைகாட்டியைப் பார்ப்பார். நாலாவது வீட்டுக்காரர் பதறி வெளியே வந்து, "சார், ரோடு அகலப்படுத்தப் போறீங்களா? எங்க காம்பவுண்டு பிளான்படிதான் இருக்கு சார்" என்றார். அன்றோடு நடையும் கச்சேரியும் தனித்தனி ஆயின.

வீட்டிலோ வேறு சிக்கல். மூன்றாவது மாடி, நல்ல பெரிய பால்கனி. ஆனால் மேற்குப் பார்த்தது. ஹாலில் வைத்தார், வரவில்லை. படுக்கையறை ஜன்னலில் வைத்தார், பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மறைத்தது. தட்டை ஏந்திக்கொண்டு மாமா ஒவ்வோர் அறையாகப் போவதை அத்தை காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சமையலறைக்குள் நுழைந்து ஜன்னல் கம்பியில் தட்டைச் சாய்த்ததுதான் தாமதம், தோடி ராகம் கணீரென்று வந்தது. ராஜரத்தினம் பிள்ளையேதான்.

மாமா திசைகாட்டியைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பில்டர் வாஸ்து பார்த்துக் கட்டுகிறவர். வாஸ்துப்படி சமையலறை அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்க வேண்டும். ஆசியஸ்டாரும் ஏறக்குறைய அந்தத் திசையில்தான் நின்றது. ஆக, சென்னையில் வாஸ்து பார்த்துக் கட்டிய எந்த வீட்டிலும் சாட்டிலைட் ரேடியோவுக்கு இடம் அடுப்புக்குப் பக்கத்தில்தான். இதைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கலாம், போடவில்லை.

ஹாலுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று கேபிள் டி.வி. ஒயர் வாங்கி நீளமாகப் போட்டுப் பார்த்தார். அந்த ஒயரில் பயணம் செய்து வருவதற்குள் சிக்னல் இளைத்துப்போய், ரேடியோ வாயே திறக்கவில்லை. ஒயரைச் சுருட்டி வைத்தார். இப்போது துணி உலர்த்தும் கொடியாக இருக்கிறது.

ரேடியோ சமையலறைக்குப் போனதும் அதிகாரமும் கூடவே போய்விட்டது. அத்தைக்கு கே.எல். ரேடியோ பிடித்துப்போயிற்று. பழைய பாட்டு, நடுவில் விளம்பரத் தொல்லை இல்லை, கைக்கு எட்டுகிற தூரம். ஸ்ருதி வேண்டுமென்றால் மாமா சமையலறைக்கு வர வேண்டும். வந்தால் சும்மா உட்கார முடியாது.

"உக்காந்து கேளுங்க, வேணாங்கல. அப்படியே இந்த அவரைக்காயைக் கொஞ்சம் நார் எடுத்துக் குடுங்க."

ஆரம்பத்தில் அவரைக்காய். பிறகு சின்ன வெங்காயம். மார்கழி வந்தபோது மொச்சை உரிக்கிற அளவுக்கு முன்னேறியிருந்தார். ரயில் பெட்டிக் கணக்கு அங்கேயும் விடவில்லை. பீன்ஸ் எல்லாம் ஒரே அளவில் வரும். பொரியலைப் பார்த்தால் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு கூத்து காக்கா. அதே ஜன்னலில்தான் அத்தை தினமும் காக்காவுக்குச் சோறு வைப்பார். அது தட்டின் மேலேயே வந்து உட்காரும். பழைய ரேடியோ என்றால் சத்தம் தேயும், இரையும், நமக்குக் கொஞ்சம் முன்னறிவிப்பு கிடைக்கும். டிஜிட்டலில் அந்த நாகரிகம் கிடையாது, பட்டென்று ஊமையாகிவிடும். காக்கா பறந்த பிறகும் சிக்னலைப் பிடிக்கச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். ஆலாபனையில் இடைவெளி விழும்போதெல்லாம் வித்வான் மூச்சு வாங்குகிறாரா, காக்கா உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியாமல் மாமா கத்தியோடு எழுந்து ஜன்னலுக்கு ஓடுவார். கச்சேரியை இப்படி எழுந்து எழுந்து கேட்டவர் தமிழ்நாட்டில் அவராகத்தான் இருப்பார். ஜன்னலில் வைக்காதே என்று சொல்லிப் பார்த்தார். "முன்னோர்களுக்கு வைக்கிறது. உங்க பாட்டுக்காக அவங்களைப் பட்டினி போடச் சொல்றீங்களா?" என்று அத்தை கேட்டதும் அந்த வழக்கு தள்ளுபடியானது.

ஆனால் மழையில் அது காட்டிய வீரத்தைச் சொல்லியாக வேண்டும். நவம்பரில் அடித்துக்கொண்டு ஊற்றும்போது எதிர் வீட்டு டிஷ் செத்துப்போகும், அவர்கள் டி.வி.யில் வெறும் திரைதான். எங்கள் சமையலறையில் நாகஸ்வரம் பிசிறில்லாமல் போய்க்கொண்டிருக்கும். டி.டி.எச். வருகிற அலை மிகச் சின்னது, கனமழை அதைக் குடித்துவிடும். வேர்ல்ட்ஸ்பேஸ் பயன்படுத்திய எல் பேண்ட் அலை பெரியது, மழையைச் சட்டை செய்யாது. இதை மாமா எதிர் வீட்டுக்கே குடை பிடித்துப் போய் விளக்கிவிட்டு வந்தார். அவர்கள் அப்படியொன்றும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

2008 அக்டோபரில் தாய்க் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு போட்ட செய்தி பேப்பரில் வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில், 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் சேவை நிற்கிறது என்று அறிவித்தார்கள். மாமா அந்தத் துண்டை வெட்டி நோட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒட்டி, தேதி போட்டு, கணக்கை முடித்தார்.

புத்தாண்டுக்குப் பிறகு ஒரு காலையில் ரேடியோவைத் துடைத்து அட்டைப் பெட்டியில் போட்டு, பரணில் ஏற்றிவிட்டுப் பேப்பரோடு பால்கனிப் பக்கம் நடந்தார். சமையலறையில் அவருக்கு இனி வேலை இல்லை என்பது அவருடைய கணிப்பு.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கொத்தவரங்காய் உங்களுக்காகத்தான் எடுத்து வெச்சிருக்கேன்."

"ரேடியோதான் நின்னுபோச்சே."

"சமையல் நிக்கலையே."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவசரமாகக் குழந்தையின் சாக்ஸைத் தேட ஆரம்பித்தேன். பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அவர் அக்கினி மூலையை நோக்கித் திரும்பினார்.