முலாம் பூசிய காசுகளும் கைவைத்த காசுகளும்: இதுவரை பார்த்தது

நாணயச் சேகரிப்பில் எனக்கு இப்போது மிகவும் பிடித்துப்போன வேலை, நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ கைவைத்த காசுகளைக் கண்டுபிடிப்பதுதான். முலாம் பூசியது, பாதரசம் தேய்த்தது, கழுத்தில் மாட்டக் காது (சின்ன வளையம்) பற்றவைத்துப் பிறகு அறுத்தது, வருடத்தைத் திருத்தியது என்று விதவிதமாக வருகின்றன. பழைய காசுகளைக் கலப்பாக வாங்கினால் இப்படிச் சில எப்படியும் அகப்படும். அவற்றை ஒதுக்கிவிடாமல் தனித் தட்டில் வைத்துச் சோதித்து வருகிறேன்.

கருவிகள் அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, விட்டம் அளக்க வெர்னியர், ஒரு காந்தம், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்.

முதலில் காந்தம். செம்பு நிறத்தில் ஒரு 1 ரூபாய் கிடைத்தது. 1992 முதல் வந்த சின்ன 1 ரூபாய் துருப்பிடிக்காத எஃகு; 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். அது செம்பு நிறத்தில் இருந்தால் "வேறு உலோகத்தில் தவறி அச்சடித்தது" என்று சொல்லி நல்ல விலை கேட்பார்கள். காந்தத்தைக் காட்டியதும் பட்டென்று ஒட்டிக்கொண்டது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. ஆக உள்ளே எஃகு, மேலே செம்பு. அமெரிக்காவின் 1943 சென்ட் கதையும் இதேதான். போரில் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் அடிபட்ட சில இன்று பெரும் விலை போவதால், எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசியவை ஏராளம். உண்மையான வெண்கலக் காசு 3.11 கிராம், காந்தத்தில் ஒட்டாது. எஃகுக் காசு 2.7 கிராம் அளவில் நிற்கும்.

ஆனால் காந்தத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லக் கூடாது. பிரிட்டனின் 1 பென்னி 1992 முதல் செம்பு முலாம் பூசிய எஃகுதான். யூரோவின் 1, 2, 5 சென்ட்டுகளும் அப்படியே. அங்கே நாணயச்சாலையே முலாம் பூசுகிறது. அதனால் நான் கேட்கும் முக்கியமான கேள்வி வேறு: பளபளப்பு முதலில் வந்ததா, தேய்மானம் முதலில் வந்ததா?

நாணயச்சாலையில் அச்சு விழுவதற்கு முன்பே, வெறும் வட்டுக்கு முலாம் ஏறிவிடுகிறது. பிறகு அச்சு அழுத்தும்போது முலாமும் உலோகத்தோடு சேர்ந்து ஓடுகிறது. எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கிறது. புழங்கிப் புழங்கித் தேயும்போது மேடான இடத்தில்தான் முதலில் முலாம் போகும். பின்னாளில் பூசியதில் இது தலைகீழ். காசு ஏற்கெனவே தேய்ந்திருக்கும், கீறல் இருக்கும், எழுத்துகளின் இடுக்கில் அழுக்கு இருக்கும். முலாம் இவற்றின் மேலேயே போய்ப் படிந்திருக்கும். கீறலின் அடிப்பள்ளத்தில்கூட அதே பளபளப்பு. ராஜாவின் காதும் கிரீடமும் வழுவழுவென்று தேய்ந்திருக்க, மேலே மட்டும் புது மினுக்கு என்றால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். லென்ஸைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் இது நன்றாகத் தெரியும்.

வெள்ளி போல மின்னும் காலணா ஒன்றும் தட்டில் இருக்கிறது. செப்புக் காசில் பாதரசம் தேய்த்து வெள்ளியாக்குவது பள்ளி ஆய்வகங்களில் பையன்கள் செய்த விளையாட்டு. அந்த மினுக்கு நாளாக ஆகச் சாம்பல் பூத்துவிடும். பாதரசம் என்று சந்தேகம் வந்தாலே வெறுங்கையால் தொடாதீர்கள், சூடு காட்டவே காட்டாதீர்கள். நான் அதை மூடிய உறையில் வைத்திருக்கிறேன்.

வெள்ளி ரூபாய்க்கு அடர்த்திச் சோதனைதான் என் நம்பிக்கை. சுண்டிப் பார்த்து நாதம் கேட்பது அழகான பழக்கம்தான், ஆனால் மெல்லிய விரிசல் இருந்தால் நல்ல வெள்ளியும் மொக்கையாக ஒலிக்கும். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக்க முக்க வேண்டும். தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி, அடர்த்தி 10.3 அளவில் வரும், தராசு 1.13 கிராம் காட்டும். அதே எடைக்குச் செம்பில் செய்து வெள்ளி பூசியிருந்தால் 1.30 பக்கம் போய்விடும். ஒளிக்க முடியாத வித்தியாசம். சின்னக் காசுகளில்தான் கவனம் வேண்டும்: விலக்கும் தண்ணீரே அரை கிராம் என்றால் 0.01 பிசகினாலும் 2 சதவீதம் தப்பு. காசில் ஒட்டிய காற்றுக்குமிழியைத் தட்டிவிட்டு, பலமுறை எடுத்துச் சராசரி பார்க்கிறேன்.

எடைக்கு நல்ல உதாரணம் பிரிட்டிஷ் ராணி விக்டோரியாவின் 1887 ஆறு பென்ஸ் வெள்ளிக் காசு. அதன் பின்பக்கக் கேடயம் தங்க அரைப் பவுன் காசைப் போலவே இருந்தது, மதிப்பும் எழுதவில்லை. தங்க முலாம் பூசி அரைப் பவுனாகத் தள்ளிவிட்டார்கள். அதே வருடமே வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அரைப் பவுன் 3.99 கிராம், ஆறு பென்ஸ் 2.83 கிராம். கையில் தூக்கினாலே தெரிந்திருக்கும்.

நம் ஊர் வெள்ளி ரூபாய்களில் அதிகம் பார்ப்பது நகையாக இருந்தவை. காதை அறுத்து, அரம் போட்டு, மேலே வெள்ளி முலாமும் ஏற்றிவிடுகிறார்கள். முகத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும்: ராஜாவின் தலைக்கு நேர் மேலே வரிகள் மழுங்கியிருக்கும், பற்றாசு மஞ்சளாகவோ வேறு சாயலிலோ தங்கியிருக்கும். இவற்றை நான் மட்டமாக நினைப்பதில்லை. யாரோ கழுத்தில் போட்ட காசு. விலையைக் குறைத்துச் சொல்லி, உள்ளதைச் சொல்லி விற்றால் போதும்.

1939 ரூபாய் அரிது, 1938 எளிதாகக் கிடைக்கும். ஆகவே 8இன் கீழ்ச்சுழியை இடப்பக்கம் செதுக்கி 9 ஆக்கும் வேலை நடக்கிறது. இதற்கு ஒப்பிட வேறு காசே வேண்டாம், 1939இலேயே இரண்டு 9 இருக்கின்றன. இரண்டையும் லென்ஸில் பார்த்து வாலின் வளைவையும் தடிமனையும் ஒப்பிடுகிறேன். கடைசி எண்ணைச் சுற்றிய தளத்தில் மட்டும் மெல்லிய கீறலோ பள்ளமோ இருந்தால் வாங்காமல் நகர்ந்துவிடுவேன்.

நகைக்கடையில் காரட் மீட்டரில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த எக்ஸ் கதிர்க் கருவி மேற்பரப்பின் மெல்லிய அடுக்கைத்தான் படிக்கிறது. கனமான முலாம் என்றால் முலாமின் தூய்மையையே சொல்லும். தேய்ந்த விளிம்பில் வைத்து ஒருமுறை, முகத்தில் வைத்து ஒருமுறை என்று இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். எண்கள் விலகினால் விஷயம் புரிந்துவிடும்.

இப்போது மேசையில் இருப்பவை 10 ரூபாய் இரு உலோகக் காசுகள், 27 மில்லிமீட்டர், 7.71 கிராம். நடு வட்டைக் கழற்றித் திருப்பிப் பொருத்திவிட்டு, அச்சுப் பிழை என்று விற்கிறார்கள். வளையமும் வட்டும் அச்சு விழும் அழுத்தத்திலேயே இணைபவை. பிறகு பிரித்தால் இணைப்புக் கோட்டில் நெம்பிய தடம் விழாமல் இருக்காது என்று நினைக்கிறேன். சந்தேகக் காசுகளையும் நல்ல காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தக் கோட்டைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன்.